வகுப்பறையில் காத்திருந்தவர்கள்

புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது பல வருடங்களாக என் வேலை. முதல் நாள் காலையில் அறைக்குள் வருகிறவர்கள் எங்கே உட்காருகிறார்கள், கேள்வி கேட்டால் பார்வையை எங்கே திருப்புகிறார்கள், தெரிந்த பதிலைக்கூட எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருப்பேன். அங்கே வருபவர்கள் எல்லோரும் தேர்வு வைத்து எடுக்கப்பட்டவர்கள். படிப்பிலும் திறமையிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனாலும் ஒருவர், "எனக்கு இது புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று சாதாரணமாகக் கேட்கிறார். பக்கத்தில் இருப்பவர் புரியாமலேயே தலையாட்டிவிட்டு, இடைவேளையில் தனியாக வந்து, திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டபடி அதே சந்தேகத்தைக் கேட்கிறார்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று அவர்களிடமே பேசிப் பார்த்திருக்கிறேன். வீடு ஒரு காரணம், பிறவிச் சுபாவம் இன்னொன்று. இரண்டையும் மறுக்க மாட்டேன். ஆனால் கொஞ்ச நேரம் பேசினால் பேச்சு பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில்தான் போய் நிற்கும். அதுவும் மதிப்பெண்ணைப் பற்றி இருக்காது. "ஏழாம் வகுப்பில் ஒரு சார் இருந்தார்..." என்றுதான் ஆரம்பிக்கும். நல்ல ஞாபகமோ கெட்ட ஞாபகமோ, ஒரு ஆளும் ஒரு சொல்லும் ஒரு சின்னச் சம்பவமும் அதில் இருக்கும்.

என் கதையையே எடுத்துக்கொள்கிறேன். நான் மெதுவாகப் பதில் சொல்லும் பிள்ளை. கேள்வி காதில் விழுந்ததும் பதில் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். ஆனால் அதை மனதுக்குள் ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்த பிறகுதான் வாய் திறக்கும். கீழ் வகுப்புகளில் அந்த அவகாசம் கிடைத்ததில்லை. கேள்வி வரும், நான் எழுந்து நிற்பேன், "தெரியாதா? உட்கார். அடுத்து?" என்று விரல் பக்கத்து பெஞ்சுக்குப் போய்விடும். பக்கத்தில் இருப்பவள் நான் சொல்ல நினைத்ததையே சொல்லி 'வெரி குட்' வாங்குவாள். அந்த ஆசிரியர் கடுமையானவர் இல்லை. அடித்ததும் இல்லை, திட்டியதும் இல்லை. பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம் அவருக்கு. ஆனால் ஒரு வருடம் முழுக்க இப்படியே நடந்தால், தெரிந்ததற்கும் தெரியாது என்று தலையசைப்பதே சுலபம் என்று ஒரு பிள்ளை முடிவுக்கு வந்துவிடும். நானும் வந்தேன்.

மேல் வகுப்பில் ஒரு அறிவியல் டீச்சர் வந்தார். அவர் கேள்வியைக் கேட்டுவிட்டு உடனே யார் பெயரையும் சொல்ல மாட்டார். முந்திக்கொண்டு கையைத் தூக்குபவர்களை இறக்கச் சொல்வார். "எல்லோரும் யோசியுங்கள்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வருவார். அதற்குப் பிறகுதான் பெயர். என் பெயர் வந்தபோது, எப்போதும் போல வாக்கியத்தை உள்ளுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். அதனால் பதில் வெளியே வந்தது. அவர் உடனே சரி என்றோ தவறு என்றோ சொல்லவில்லை. "அப்புறம்?" என்றார். எனக்கு அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை, ஆனால் அவர் அவசரப்படுத்தவும் இல்லை. போகப் போக, பதிலோடு அதற்கான காரணத்தையும் சேர்த்தே யோசித்து வைக்க ஆரம்பித்தேன். ஒரு வருடத்தில் நான் பேச்சாளர் ஆகிவிடவில்லை. எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தால் நான் சொல்வதில் விஷயம் இருக்கும் என்ற எண்ணம் மட்டும் வந்தது. இன்றைக்கு வரைக்கும் என் தன்னம்பிக்கை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்வேன்.

பின்னாளில் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளரைப் பற்றிப் படித்தபோது, அந்த டீச்சர் செய்தது என்னவென்று துல்லியமாகப் புரிந்தது. ரோ அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஆசிரியர் கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்தவர். 1970-களில் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி அது சராசரியாக ஒரு விநாடிதான். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வி அடுத்தவருக்குப் போய்விடும், அல்லது ஆசிரியரே பதிலைச் சொல்லிவிடுவார். இதை 3 விநாடிகளோ அதற்கு மேலோ நீட்டித்தபோது பதில்கள் நீண்டன. பதில் சொல்லாமல் நிற்பது குறைந்தது. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பிள்ளைகளே கேள்வி கேட்பதும் கூடியது. பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகு விடும் இடைவெளியையும் அவர் தனியாகக் கணக்கில் எடுத்தார். எங்கள் டீச்சரின் "அப்புறம்?" அந்த இடத்தில்தான் வந்தது. ரோவின் ஆய்வில் என்னை மிகவும் பாதித்தது வேறொன்று. நன்றாகப் படிப்பவர் என்று ஆசிரியர் நினைக்கிற பிள்ளைகளுக்குக் காத்திருப்பு அதிகமாகக் கிடைத்தது, சுமாராகப் படிப்பவர் என்று நினைக்கிற பிள்ளைகளுக்குக் குறைவாகக் கிடைத்தது. நேரம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைத்திருக்கிறது. அதைச் செய்தவர்கள் கெட்ட ஆசிரியர்களும் இல்லை. அவர்கள் தெரிந்தே இப்படி நடந்துகொண்டதாக நான் நினைக்கவில்லை.

பள்ளி குணத்தை வளர்க்கிறது என்று சொன்னால் நன்னெறி வகுப்பும் சுவரில் எழுதிய வாசகங்களும்தான் பலருக்கு ஞாபகம் வரும். என் அனுபவத்தில் குணம் வளர்ந்த இடம் வேறு. எங்கள் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எல்லாப் பாடத்திலும் பின்தங்கியவன். வகுப்புத் தலைவர் பொறுப்பு, மேடையில் பேசுவது, விருந்தினரை வரவேற்பது எல்லாம் முதல் ஐந்து ரேங்க்குக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். அதே டீச்சர் ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிச் சாமான் அலமாரிச் சாவியை அவனிடம் கொடுத்தார். குடுவைகளையும் சோதனைக் குழாய்களையும் எண்ணி எடுத்துக் கொடுக்க வேண்டும், திரும்ப எண்ணி வாங்கி வைக்க வேண்டும், ஒரு நோட்டில் கணக்கு எழுத வேண்டும். "உடைந்தால் உடைந்தது என்று எழுது. யார் உடைத்தார்கள் என்று எழுத வேண்டாம்" என்பது மட்டும்தான் விதி. ஒருநாள் அவன் கையிலிருந்தே ஒரு குடுவை விழுந்து நொறுங்கியது. நோட்டில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினான். டீச்சர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். காலில் கண்ணாடி குத்தவில்லையே என்று மட்டும் கேட்டார்.

அவன் இன்று ஒரு பெரிய சரக்குக் கிடங்குக்குப் பொறுப்பாளர். பழைய மாணவர்கள் கூடியபோது ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். "இருப்பு குறைந்தால் அன்றைக்கே எழுதிவிடுவேன். மறைக்கிற பழக்கமே எனக்கு வரவில்லை" என்றார். அந்த நோட்டைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை, அவராகவேதான் சொன்னார்.

இதற்கு நேர் எதிரானதையும் பயிற்சி அறையில் பார்க்கிறேன். ஒரு தவறு நடந்துவிட்டால் உடனே வந்து சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லாமல் இரண்டு நாள் தாங்களே சரிசெய்யப் பார்த்து, அதைப் பெரிதாக்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி மறைத்த ஒருவரிடம் நிதானமாகப் பேசினேன். பள்ளியில் ஜன்னல் கண்ணாடி உடைந்தபோது, "உண்மையைச் சொன்னால் ஒன்றும் செய்ய மாட்டேன்" என்ற வாக்கை நம்பி எழுந்து நின்றிருக்கிறார். எல்லோர் முன்னாலும் தண்டனை கிடைத்தது. எழுந்து நிற்காத மற்ற இரண்டு பேருக்கும் எதுவும் இல்லை. உண்மை பேச வேண்டும் என்று அந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியிருப்பார்கள். ஆனால் அவர் கற்றுக்கொண்டது அன்றைக்கு நடந்ததிலிருந்துதான். இப்படிப்பட்டவர்கள் நேர்மை இல்லாதவர்கள் என்று நான் முடிவு கட்டுவதில்லை. உண்மை சொன்னால் பாதகம் வராது என்பதை அவர்கள் இன்னும் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஒன்றிரண்டு முறை பார்த்துவிட்டால் மாறுகிறார்கள். வேகமாகவே மாறுகிறார்கள்.

தன்னம்பிக்கை எதிலிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் நான்கு ஊற்றுகளாகப் பிரித்துச் சொன்னார். நாமே ஒரு காரியத்தைச் செய்து முடித்த அனுபவம், நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, மற்றவர்கள் தரும் ஊக்கச் சொல், உடலும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. இவற்றில் மிக வலுவானது முதலாவது என்பது அவர் கருத்து. சாவி வாங்கிய பையனை நினைத்தால் எனக்கு இதில் சந்தேகமே வருவதில்லை. "உன்னால் முடியும்" என்று அவனிடம் எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். முடிகிற ஒரு வேலையை ஒருவர்தான் கொடுத்தார்.

பாராட்டு மட்டுமே கிடைத்த பிள்ளைகளின் நிலையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. எங்கள் வகுப்பில் எப்போதும் முதலிடம் ஒரே தோழிக்குத்தான். அவளை ஆசிரியர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிட "மூளைக்காரி" என்று கூப்பிட்டதுதான் அதிகம். பள்ளி முடிந்து, ஊர் ஊராக முதலிடம் வாங்கியவர்கள் வந்து சேரும் கல்லூரிக்குப் போனாள். அங்கே அவளுக்கு நடுவில் ஒரு இடம். அவள் அறிவு குறைந்துவிடவில்லை, சுற்றி இருப்பவர்கள் மாறிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அவள் வகுப்பில் பேசுவதை நிறுத்தினாள், கஷ்டமான பாடப்பிரிவுகளைத் தவிர்த்தாள், வீட்டுக்கு மதிப்பெண் சொல்வதைத் தள்ளிப்போட்டாள். பல வருடம் கழித்து என்னிடம் இதைச் சொல்லும்போதும் அவள் குரல் இறங்கியது.

ஹெர்பர்ட் மார்ஷ் என்ற ஆய்வாளர் 1980-களிலிருந்து இதைப் பற்றி எழுதி வருகிறார். ஒரே திறமையுள்ள இரண்டு மாணவர்களில், திறமைசாலிகள் நிறைந்த பள்ளியில் படிப்பவர்தான் தன் படிப்பைப் பற்றித் தாழ்வாக நினைக்கிறார் என்பது அவர் கண்டது. கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது தோழியின் மற்ற பாதிக் கதையும் புரிந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்களைக் கொடுத்து, ஒரு பகுதியினரை "நீ புத்திசாலி" என்றும் இன்னொரு பகுதியினரை "நன்றாக முயற்சி செய்தாய்" என்றும் பாராட்டினார்கள். புத்திசாலி என்று கேட்டவர்களில் பலர் அடுத்த தடவை சுலபமானதையே தேர்ந்தெடுத்தார்கள். கடினமான ஒன்றில் தோற்ற பிறகு, முதலில் செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள். தங்கள் மதிப்பெண்ணை வேறொரு பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, கூட்டி எழுதியவர்களும் அவர்களில்தான் அதிகம். தோழிக்கு இதை அனுப்பி வைத்தேன். "அப்போதே யாராவது சொல்லியிருந்தால்" என்று பதில் வந்தது. இப்போது அவள் தன் மகளிடம் ரேங்க் கேட்பதில்லை. எந்தக் கணக்கு ரொம்ப நேரம் வரவில்லை, அப்புறம் எப்படி வந்தது என்று கேட்கிறாள்.

காயப்பட்டவர்களைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபமில்லை. ஆனால் பள்ளி வருடங்களைப் பற்றிப் பேசும்போது அவர்களை விட்டுவிடுவது நியாயமில்லை. 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிரிட்டனில் பிறந்தவர்களை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து வரும் ஒரு ஆய்வு இருக்கிறது. 7 வயதிலும் 11 வயதிலும் சக பிள்ளைகளின் தொல்லைக்கு அடிக்கடி ஆளானவர்களிடம் 45 வயதில் மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாக இருந்தன, 50 வயதில் நட்பும் துணையும் குறைவாக இருந்தன என்று அதன் அடிப்படையில் 2014-இல் முடிவுகள் வெளியாயின. "சின்ன வயசுக் கேலிதானே, மறந்துவிடும்" என்று சொல்பவர்களிடம் நான் இதைச் சொல்வேன்.

எங்கள் பழைய மாணவர் சந்திப்பில் ஒருவரைப் பள்ளிக்காலப் பட்டப்பெயரால் உற்சாகமாகக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களுக்கு அது பாசம். அவர் சிரித்தபடி கை கொடுத்தார், சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிட்டார். அடுத்த சந்திப்புக்கு வரவில்லை. அதற்கப்புறம் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்தோம். அழைப்பு அனுப்பும்போதே உங்களை எந்தப் பெயரால் கூப்பிடலாம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பது. கேட்டுப் பார்த்ததில், பட்டப்பெயரை விரும்பியவர்கள் நினைத்ததைவிடக் குறைவு. சந்திப்பு நடத்துகிறவர்கள் இதைச் செய்து பாருங்கள். அன்றைக்குக் கேலி செய்தவர்களில் நீங்களும் ஒருவர் என்றால், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு அவரை மறுபடி மையத்தில் நிறுத்தாதீர்கள். தனியாக, சுருக்கமாக, என்ன செய்தோம் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். "தெரியாத வயசு" என்று கூடவே ஒரு சமாதானம் சொல்லாதீர்கள். அவர் பதில் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சரி, பள்ளியில் கிடைக்காததை வளர்ந்த பிறகு சம்பாதிக்க முடியுமா? முடியும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அது நடப்பதைப் பார்ப்பதுதான் என் வேலை. "எனக்கு மேடை வராது", "நான் கணக்கில் மக்கு" என்று யாராவது சொன்னால், அதை முதன்முதலில் யார் சொன்னார்கள், எந்த வகுப்பில், என்ன நடந்தபோது என்று எழுதச் சொல்வேன். பெரும்பாலும் ஒரு ஆளும் ஒரு நாளும்தான் கிடைக்கும். அதற்குக் கீழே, பள்ளியை விட்ட பிறகு அந்தச் சொல்லுக்கு எதிராகத் தான் செய்தவற்றை எழுத வேண்டும். வீட்டு வரவுசெலவைத் தனியாளாகச் சமாளிக்கும் ஒருவர் கணக்கில் மக்கு என்று எழுதி வைத்திருந்தார். தன் கையெழுத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் பேனாவை எடுத்து முதல் வரியை அடித்தார்.

எழுதுவதோடு நின்றால் போதாது. பேசப் பயப்படுகிறவரிடம் "தைரியமாகப் பேசுங்கள்" என்று நான் சொல்வதில்லை. எந்தக் கூட்டத்திலும் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு சின்னக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள் என்பேன். நேரம் போகப் போக அமைதி கெட்டியாகிவிடும், உடைப்பது கஷ்டம். கேள்வியை முன்னாலேயே எழுதி வைத்து, பார்த்துப் படித்தாலும் பரவாயில்லை. என்னைப் போல மெதுவாகப் பதில் வருகிறவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுப்பேன்: "கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன்." இதைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று எல்லோருமே பயப்படுகிறார்கள். சொல்லிப் பார்த்தவர்களுக்கு அனேகமாக மதிப்புக் கூடித்தான் இருக்கிறது. காயம் ஆழமாக இருந்து, தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கிறதென்றால் இந்தப் பயிற்சிகளை நம்பி நாளைக் கடத்த வேண்டாம், மனநல ஆலோசகரைப் பார்ப்பதே சரி.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என்னிடம் அதிக அறிவுரை இல்லை. அவர்களுடைய சுமை எனக்குத் தெரியும். கேள்வி கேட்ட பிறகு மனதுக்குள் மூன்று எண்ணுங்கள், அதற்குச் செலவும் இல்லை, அனுமதியும் வேண்டாம். பொறுப்புகளைக் கொடுக்கும்போது இதுவரை எதுவும் கிடைக்காத பிள்ளையைத் தேடிக் கொடுங்கள். திருத்தும்போது ஏன் இவ்வளவு திருத்துகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். டேவிட் யேகரும் ஜெஃப்ரி கோஹனும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கட்டுரைத் திருத்தங்களோடு ஒரு சின்னக் குறிப்பைச் சேர்த்தார்கள். உன்னிடம் எனக்கு எதிர்பார்ப்பு அதிகம், அதை உன்னால் எட்ட முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு எழுதியிருக்கிறேன் என்பது அதன் சாரம். அந்தக் குறிப்பைப் பெற்றவர்களில் கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தவர்கள் அதிகம். பள்ளியின் மேல் நம்பிக்கை குறைவாக இருந்த கறுப்பின மாணவர்களிடம் இந்த மாற்றம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. சிவப்பு மையைப் பார்த்ததும் 'என்னைப் பிடிக்கவில்லை' என்று படித்துக்கொள்ளும் பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்கிறது.

உங்களுக்கு அப்படி ஒரு ஆசிரியர் இருந்திருந்தால் அவரிடம் சொல்லுங்கள். "எல்லாம் உங்களால்தான்" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த வகுப்பில் என்ன செய்தீர்கள், அது எனக்கு எங்கே உதவியது என்று சம்பவமாகச் சொல்லுங்கள். நான் அறிவியல் டீச்சரிடம் சொன்னபோது, ஜன்னல் வரை நடந்தது தனக்கு ஞாபகமே இல்லை என்றார். ஆனால் அந்தச் சாவி வாங்கிய பையன் எப்படி இருக்கிறான் என்று உடனே கேட்டார். கிடங்கைப் பற்றிச் சொன்னேன். நோட்டைப் பற்றி அவன் சொன்னதையும் சொன்னேன்.

பழைய மாணவர்களைப் பள்ளிக்குப் பேச அழைப்பது இப்போது பரவலாக நடக்கிறது. உங்களை அழைத்தால் போங்கள், ஆனால் வெற்றிக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எந்தப் பாடம் வரவில்லை, என்ன செய்து அதைத் தாண்டினீர்கள், இன்னும் எது வரவில்லை என்பதையும் சொல்லுங்கள். பண்டூரா சொன்ன இரண்டாவது ஊற்று, அதாவது நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, வேலை செய்ய வேண்டுமானால் அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் அவர்களைப் போன்றவராகத் தெரிய வேண்டும். முடிந்தால் முன்பே கேட்டுக்கொண்டு, மேடைப் பக்கமே வராத இரண்டு மூன்று பிள்ளைகளிடம் ஏற்பாட்டு வேலைகளைக் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பேச்சு இருபது நிமிடம் போதும். மீதி நேரத்தைக் கேள்விகளுக்கு விடுங்கள். முதல் கேள்வி வரக் கொஞ்சம் தாமதமாகும், அதுவரை மைக்கை யாரும் வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.